பால்மாப் பேணி

இலுப்பைக்கடவையில் ஐயா கட்டிய நெற்களஞ்சியம் இப்போது மரக்கறிக் கடை. கற்சுவருக்கு வெள்ளையடித்து, கூரையின் பனஞ்சலாகை மாற்றி, புது ஓடு போட்டிருக்கிறார்கள். வாசல் மேசையில் கத்தரிக்காயும் பயற்றங்காயும், பின்வளவுத் தோட்டத்தில் அன்று காலை பிடுங்கியவை. அழகாகத்தான் இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலைக் கிளப்பியது.

சண்டைக்குப் பயந்து தமிழ்நாட்டுக்குப் படகேறுவதற்கு முதல்நாள் ஐயா காணி உறுதிப் பத்திரத்தைப் பால்மா வந்த தகரப் பேணிக்குள் வைத்து, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றி, இந்தக் களஞ்சியத்துக்குள் புதைத்தார். ஊரில் எல்லோரும் அப்படித்தான். நகையோ, தையல் மெஷினின் தலையோ, எதையாவது மண்ணுக்குள் வைத்துவிட்டுத்தான் புறப்பட்டோம். இரண்டு கிழமையில் திரும்பிவிடுவோம் என்ற நினைப்பு. ஐயா அங்கே அகதி முகாமிலேயே செத்துப்போனார். புதைத்த இடத்தை எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். காணிக் கந்தோரில் உறுதியின் பிரதி இல்லையென்று கையை விரித்துவிட்டார்கள். பேணி கிடைத்தால் காணி எங்களுடையது, கிடைக்காவிட்டால் நான் யாரோ ஒருத்தி.

உள்ளே கால் வைத்ததும் நிலத்தைப் பார்த்தேன். சுவருக்குச் சுவர் சீமெந்து.

கடைக்காரிக்கு என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவாக இருக்கும். சண்டை முடிந்தபின் இங்கே வந்து குடியேறிய குடும்பம் என்று பஸ்ஸில் சொன்னார்கள்.

“என்ன வேணும் அக்கா?”

“கத்தரிக்காய் அரைக் கிலோ.”

நிறுத்தாள். ஆனால் தராசைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

“மரக்கறி வாங்க வாற ஆக்கள் நிலத்தைப் பாக்கிறேல்லை. என்ன தேடி வந்தனீங்கள்?”

பொய் சொல்லத்தான் வாயெடுத்தேன், வந்தது கோபம். “இது எங்கட ஐயா கட்டினது.”

அவள் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் இங்கே வந்தது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

“எந்த மூலை?” என்றாள்.

சொன்னால் தோண்டி எடுத்து எரித்துவிடுவாளோ? சொல்லாவிட்டால் எனக்கு வேறு வழியும் இல்லை.

“கிழக்கு மூலை, யன்னலுக்குக் கீழ. மெழுகு ஊத்தின பால்மாப் பேணி.”

உள்ளறைக்குப் போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் பேணி. துருப்பிடித்திருந்தது, ஆனால் மெழுகு உடையவில்லை.

“சீமெந்து போடேக்க எடுத்தது. ரெண்டு வருசமா வச்சிருக்கிறன். ஆரும் வந்தால் மூலையைக் கேட்டுத்தான் குடுக்கவேணும் எண்டு இருந்தனான்.”

“திறந்து பாக்கேல்லையோ?”

“உறுதியாத்தான் இருக்கும் எண்டு தெரியும். திறந்தால் திருப்பித் தர மனம் வராது எண்டு பயந்தனான்.”

வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது. பேணியை நீட்டினாள், ஆனால் கையை எடுக்கவில்லை.

“இனி எங்களை இஞ்சயிருந்து எழும்பச் சொல்லுவீங்களோ அக்கா?”

அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றும் நான் சொல்லவில்லை.