ஏரிச் சேற்றிலிருந்து வந்த சைக்கிள்

யுத்தம் நடந்த அந்த வருஷங்களில் அம்பத்தூர்ப் பக்கம் சைக்கிள் சாமான் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ஒரு பெடல் போனால் வண்டியே போனது மாதிரிதான். அதனால் பழைய வண்டிகளைப் பிரித்து, உள்ளதைச் சேதமில்லாமல் கழற்றிக் கொடுப்பதில் பூங்காவனத்தின் பிழைப்பு ஓடியது. கடை அவள் புருஷன் தேவராஜுடையது. அவன் பட்டாளத்தில் லாரி மெக்கானிக்காகச் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் போய்விட்டான். பொம்பளை கையில் ஸ்பேனரா என்று சிரித்தவர்களெல்லாம் கொஞ்ச நாளில் அவளிடமே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

வைகாசி வெயிலில் ஒரு காலை, கள்ளிக்குப்பம் திருவேங்கடம் மாட்டு வண்டியில் வந்தார். நிலபுலன் உள்ளவர். அதிர்ந்து பேசமாட்டார். கோணியை விலக்கி ஒரு சைக்கிளைக் கீழே இறக்கினார். உடம்பெல்லாம் துரு. சந்து பொந்தெல்லாம் காய்ந்த சேறு. முன்பக்கத்து முத்திரைத் தகட்டை யாரோ நெம்பி எடுத்திருந்தார்கள்.

"பழைய வண்டிம்மா. பெடலு, க்ராங்கு, சீட்டுக் கம்பி எல்லாம் உடையாம கழட்டிக் குடு. என் வண்டிக்கு ஆவும். மிச்சத்தைக் கொல்லன் உலையிலே போட்டுடறேன்."

"ஊறணும் அண்ணாத்தே. துரு ஏறிக் கீது."

"ஊறட்டும். நான் இங்கியேதான் கீறேன்."

எதிரே கிடந்த கல்லில் உட்கார்ந்துகொண்டார். அவள் மூட்டுக்கெல்லாம் எண்ணெய் விட்டாள். மரக்கட்டையை அணை கொடுத்து மெள்ளத் தட்டினாள். இடது பெடலை மட்டும் எதிர்ப்பக்கம் திருகி எடுத்தாள். அவர் கண் அவள் கையை விட்டு அகலவில்லை. குடிக்கத் தண்ணீர் கூடக் கேட்கவில்லை.

சீட்டுக் கம்பிதான் வம்பு பண்ணியது. குழாயைச் சுற்றிக் கொதிநீர் ஊற்றி, இப்படியும் அப்படியும் அசைத்து அசைத்து உருவினாள். கம்பியோடு கூட ஒரு பித்தளைத் தகடும் வந்தது. துணியால் துடைத்தாள். தகட்டில் பாதிப் பூ.

அவள் வீட்டுச் சொம்பின் பூ அது. ஓட்டையான அந்தச் சொம்பை வெட்டி, சீட்டு இறங்காமல் இருக்க அவளே சுற்றிப் போட்ட தகடு. போட்டது கோவிந்தன் வண்டிக்கு. கோவிந்தன் திருவேங்கடத்தின் தம்பி. தை மாசத்தில், பட்டாளத்தில் சேரப் பட்டணம் போனவன், சைக்கிளை அங்கேயே விற்றுவிட்டு ரயிலேறிவிட்டான் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் இந்தத் திருவேங்கடம்தான்.

வண்டியில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தாள். ஏரித் தண்ணீர் வற்றிக்கொண்டு வருவது அவளுக்கு நினைவு வந்தது.

"இன்னாம்மே, அதையே பாத்துகினு கீறே?"

"இன்னான்னு தெரில. ஏதோ தகடு." எண்ணெய்த் துணிக்குள் சுருட்டினாள். சுத்தியலை எடுத்தாள். "க்ராங்கு பின்னு இளக மாட்டேங்குது. இப்ப அடிச்சா துண்டாப் பூடும். நாளைக்கு வாங்க."

அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அந்தப் பின்னைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

"உடையக் கூடாது," என்றார். "நாளைக்கு வரேன். ஊட்டுக்காரன் எப்ப வரான்?"

"வந்துடுவாரு."

"வரட்டும்," என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

வண்டி மறைந்ததும் கடையைச் சாத்திவிட்டு, வரப்பு வழியாகக் கள்ளிக்குப்பத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். கோவிந்தன் பெண்டாட்டி நாகம்மாள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழந்தை. பூங்காவனம் தகட்டைக் காட்டி நடந்ததைச் சொன்னாள்.

"நெலத்துப் பங்கை எழுதிக் குடுன்னு அவரு அண்ணன் தெனமும் கேக்கறாரு. அவரு வந்தப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன்க்கா. அவன் இனிமே வரமாட்டான்னாரு," என்றாள் நாகம்மாள். "அது எப்பிடித் தெரியும்னு நான் கேக்கவேயில்லியே."

நனைந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் இரண்டு பேரும் பூந்தமல்லியில் நாகம்மாளின் தாய்மாமன் வீரராகவன் வீட்டில் இருந்தார்கள்.

மறுநாள் வீரராகவனோடு பூங்காவனம் திரும்பி வந்தபோது கடை இருந்த இடத்தில் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. ஸ்பேனர்கள் கறுத்துக் கிடந்தன. சைக்கிளைக் காணோம்.

வீரராகவன் போலீசுக்குப் போனார். தகட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதலில் கேட்டவர்கள், அவர் விடாமல் நடந்ததால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கு வந்தார்கள். மதகோரம் சேற்றைத் தோண்டியபோது எலும்பும், அதில் சுற்றிய வெள்ளி அரைஞாணும் கிடைத்தன. அரைஞாண் கோவிந்தனுடையதுதான் என்று நாகம்மாள் அடையாளம் சொன்னாள். திருவேங்கடத்தைத் தேடிப் போனார்கள். வீடு திறந்து கிடந்தது. ஆள் இல்லை. அதன் பிறகு யார் கண்ணிலும் அவர் படவில்லை.

நாகம்மாளுக்கு நிலம் வந்தது. பூங்காவனம் அதே இடத்தில் புதுக் கொட்டகை போட்டாள். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய தேவராஜ் அதைச் சுற்றிப் பார்த்தான்.

"இத்தனூண்டு கடைக்குப் பின்னாடி இன்னாத்துக்குடி இன்னொரு வாசல்?"

"அந்த ஆளு இன்னும் போலீசு கையிலே ஆப்டலையே," என்றாள் அவள்.