உட்கார்ந்து பேசுங்க அண்ணே

போன வாரம், வேலையில்லாத நாளில், லீவு கேட்க எங்கள் கையுறைத் தொழிற்சாலை ஆபீசுக்குப் போனேன். கதவருகே கால் தானாகவே செருப்பைக் கழற்றிவிட்டது. நீங்கள் சிரிக்கலாம். கரங்கான் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்த கால் அது. அங்கே வாசலில் செருப்பை விட்டு, ஆபீஸ் சன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும். அப்பா நின்றார், நானும் நின்றேன். படிப்பு ஆறாம் வகுப்போடு முடிந்தது; இந்தப் பழக்கம் முடியவில்லை.

நான் தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து முதலில் சிரித்தவள், கூட வேலை செய்த பாக்கியம். என்னைவிட இரண்டு வயது இளையவள், ஆனாலும் எங்கள் கையுறை லைனில் வேலை செய்த எல்லாருக்கும் அவள்தான் அக்கா, எனக்கும்.

"இது என்ன கோயிலா அண்ணே? செருப்பப் போடுங்க லா. மொதல்ல உட்காருங்க, அப்புறம் வாயைத் தொறங்க. நின்னுக்கிட்டுப் பேசினா கெஞ்சுற மாதிரியே இருக்கும்."

தலையாட்டுவேன். மறுமுறையும் நிற்பேன்.

பிறகு நுரையீரலில் புற்றுநோய் முற்றி அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒருநாள் நான் பார்க்கப் போயிருந்தபோது ஆபீஸ் அதிகாரியும் வந்தார். நம்ம தமிழர்தான். ஒரு கையில் ஆரஞ்சுப் பழம், மறு கையில் அவள் பேரில் அடித்த ராஜினாமாக் கடிதம். இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டார். அவள் கையெழுத்துப் போட்டால் கம்பெனி மருத்துவ அட்டை அன்றோடு செல்லாது. அதை அவர் சொல்லவில்லை.

"சும்மா ஒரு ஃபார்மலிட்டி லா அக்கா."

பதினெட்டு வருஷம் உழைத்தவளிடம்! இன்றைக்கும் நான் ஆரஞ்சு வாங்குவதில்லை.

பாக்கியம் அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்துக் கட்டிலைத் தட்டினாள். "உட்காருங்க அண்ணே. இப்பப் பேசுங்க."

கால்மாட்டில் உட்கார்ந்தேன். "அவங்க கையெழுத்துப் போட மாட்டாங்க சார். பழத்தை வச்சிட்டுப் போங்க."

பழத்தை ஏன் சேர்த்தேனோ. அவள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

பன்னிரண்டாம் நாள் போய்விட்டாள், அட்டை செல்லுபடியாக இருக்கும்போதே. சாவு வீட்டுக்கு அதே ஆள் மலர்வளையத்தோடு வந்தார், சப்பாத்துக் காலோடு நடு வீட்டுக்குள். எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள். நான் எழவில்லை.

"சப்பாத்தைக் கழட்டிட்டு வாங்க சார்."

கழற்றினார்.

போன வாரம் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன். அங்கே மேசை இல்லை, ஆள் இல்லை, நாற்காலியும் இல்லை. சுவரில் ஒரு கம்ப்யூட்டர் திரை. லீவா, புகாரா, எதுவானாலும் அதில் விரலால் தட்ட வேண்டுமாம். கேன்டீனிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து, திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தால் கை எட்டாத உயரத்தில் அதை மாட்டியிருக்கிறார்கள்.