முப்பத்திரண்டாவது இடம்

தொண்ணூறுகளின் நடுவில், மலாக்கா டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. செலண்டார் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவிய அப்பா, "பிள்ளைக்கு ஏர்கோன் ரூம்ல வேலை" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். நான் செய்ததென்னவோ பந்தி மேற்பார்வை. நோயாளிகளின் விவரமெல்லாம் இருந்த சர்வரில் ஒரே நேரத்தில் முப்பத்திரண்டு பேர்தான் நுழைய முடியும். ஒருவர் உள்ளே வந்து வெளியேறும் வரை ஒரு செஷன். அதாவது ஓர் இலை. சும்மா உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிட்டு, காத்திருப்பவருக்கு இடம் பண்ணித் தர வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரி ஆட்கள் லேசுப்பட்டவர்களா? பஸ்ஸில் கைக்குட்டை போட்டு சீட் பிடிக்கிற கூட்டம். பஸ் டிக்கெட்டை மடித்து என்டர் பொத்தானின் இடுக்கில் செருகிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பொத்தான் அமுங்கியே கிடக்கும். என் திரையில் பார்த்தால் மாடாய் உழைத்துக்கொண்டிருப்பார்கள்.

அன்று அக்காவுக்கு இரண்டாவது பிரசவம், அதே கட்டடத்தின் மேல்மாடியில். மதியம் பெண் பிள்ளை பிறந்துவிட்டதாகப் போன் வந்தது. நான் சிரித்து முடிப்பதற்குள் இன்னொரு போன். பிளட் பேங்கில் வேலை செய்பவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர்.

"தங்கச்சி, உங்க அக்காவுக்கு ரத்தப்போக்கு நிக்கலயாம்மா. ஒடனே ரத்தம் கேக்குறாங்க. எனக்கு சிஸ்டம் உள்ளயே போக முடியல லா, ஃபுல்லுன்னு வருது."

எல்லா ரத்தமும் அக்காவுக்குச் சேராது என்று முதல் பிரசவத்திலேயே கண்டுபிடித்திருந்தார்கள். எது சேராது என்பது சர்வரில் இருந்தது. என் திரையில் நோயாளி விவரம் திறக்காது, உள்ளே யார் யார் என்ற பட்டியல் மட்டும்தான் வரும். அதை எழுதிக் கொடுத்த அட்டை செலண்டார் வீட்டு அலமாரியில் கிடந்தது. தெரியாமல் மாற்றி ஏற்றினால் அதுவே எமன்.

பட்டியலைப் பார்த்தேன். எல்லா செஷனும் வேலை செய்வதாகவே காட்டியது. எது பஸ் டிக்கெட், எது மனுஷன்? ஐசியூவில் யாரோ மருந்து அளவைப் பாதி தட்டியிருக்கும்போது நான் வெட்டிவிட்டால்? என் அக்காவுக்காக இன்னொருத்தியின் அக்காவைக் கொல்வதா? பதிவு கவுண்டருக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. டிக்கெட்தான் அங்கே உத்தியோகம் பார்க்கிறது, நாசமாய்ப் போக! அந்த செஷனை வெட்டினேன். ஆனால் வெட்டிய செஷன் உடனே சாகாது. சர்வர் தன் போக்கில் துடைத்து முடித்துத்தான் இடத்தை விடும். எப்போது விட்டதோ, அண்ணன் தட்டுவதற்குள் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுபடி அண்ணன் போன். "கெடைக்கலம்மா. மேலேர்ந்து திரும்பத் திரும்ப போன் அடிக்கிறாங்க."

"முருகா!" என்று வாய்விட்டே அழுதுவிட்டேன். அப்போதுதான் பட்டியலின் கடைசி வரி கண்ணில் பட்டது. என் பெயர். மேற்பார்வை பார்க்கிறேன் என்று நானும் ஓர் இலையில் உட்கார்ந்திருந்தேன். நானாக வெளியேறினால் அந்த நொடியே இடம் காலியாகும். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. வேறு யாராவது புகுந்துவிட்டால் அவர்களை வெட்டக்கூட என்னால் முடியாது.

"அண்ணே, போன வைக்காதீங்க. பேரு, பாஸ்வேர்டு எல்லாம் தட்டி வச்சுக்குங்க. நான் வெளிய போறேன். இப்பன்னு சொன்னதும் என்டர் அடிங்க."

"சரிம்மா."

"இப்ப!"

திரை கறுத்தது. காதில் பொத்தான் தட்டும் சத்தம். பிறகு அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"வந்துருச்சும்மா! அக்கா பேரு தெரியுது!"

போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மேலே போகப் பயம், போய் எதைப் பார்ப்பேனோ என்று. வேலை முடியும் வரை அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னாலேயே கிடந்தேன். பிறகு எப்படியோ படியேறினேன். அக்கா வெளிறிப்போய்த் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரத்தப் பை தொங்கியது. அம்மா பிள்ளையை மடியில் வைத்திருந்தார்.

"அவ செத்துப் பொழச்சிருக்கா. ஒரே கட்டடத்துல இருந்துகிட்டு எட்டிப் பாக்கலியேடி! அப்படி என்னடி வேல ஒனக்கு?"

"சும்மா உக்காந்திருந்தேம்மா" என்றேன்.

பிள்ளைக்காக நான் நீட்டிய கையை அம்மா பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார்.