இரண்டரைக் குழி

அந்த வீடியோ இன்னும் எங்கள் ஆசிரியர் வாட்ஸப் குழுவில் இருக்கிறது. நான்கு நிமிடம் ஓடும். ஏழாம் வகுப்புப் பெண்கள் இருவர் ஒரு வயலின் வரப்பில் டேப்பின் இரண்டு நுனிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நூறடி டேப் என்பதால் மூன்று தடவை பிடித்து அளக்கிறார்கள். கடைசியில் ஒருத்தி, மொத்தம் இருநூற்று நாற்பது அடி என்று கத்துகிறாள். பின்னாலிருந்து என் குரல் 'வெரி குட்' என்கிறது. போன மாதம்கூட வேறொரு ஒன்றியத்திலிருந்து ஒருவர் அதைக் கேட்டார். அனுப்பிவைத்தேன். அனுப்பும்போது மனதில் ஒன்றுமே தோன்றவில்லை. ஏதாவது தோன்றுகிறதா என்று கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு குக்கர் வைக்கப் போய்விட்டேன்.

பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதற்குள் எத்தனை பயிற்சி வகுப்புக்குப் போயிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அட்டை வைத்துச் சொல்லிக்கொடு என்றார்கள், பிறகு அட்டையை எடுத்துவிடு என்றார்கள். குழுவாக உட்கார வை, பாட்டாகப் பாடு, போனில் படம் பிடி, ஆப்பில் ஏற்று. எதைச் சொன்னாலும் செய்துவிடுவேன். ஆனால் ஒன்றை மட்டும் நான் உண்மையாகவே நம்பினேன். பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து கணக்கை எடு, வீட்டிலேயே வீடியோ பார்த்துவிட்டு வரச் சொல், வகுப்பில் கையால் செய்ய வை என்பதுதான் அது. இதில் யாருக்கு என்ன கெட்டுப்போகும்?

பரப்பளவுப் பாடத்துக்கு வயலை அளக்கலாம் என்று முடிவு செய்தேன். முதல் நாள் சாயங்காலம் வீட்டில் சமையலறைச் சுவரை ஒட்டி நின்று ஒரு வீடியோ எடுத்தேன். ஒரு ஏக்கர் என்பது நாற்பத்து மூவாயிரத்து ஐந்நூற்று அறுபது சதுர அடி. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி, அதாவது நூற்று நாற்பத்து நான்கு சதுர அடி. நூறு குழி ஒரு மா. மூன்று மா ஒரு ஏக்கர். இவ்வளவுதான் சொன்னேன். முதலில் சொன்னது புத்தகத்தில் இருப்பது. மற்றது நான் பிறந்ததிலிருந்து கேட்டது. திருவிடைமருதூர் பக்கம் எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா எல்லாருக்கும் மூன்று மா என்றால் ஏக்கர்தான். வீடியோவை வகுப்புக் குழுவில் போட்டேன். பிள்ளைகளுக்கென்று தனியாக ஏது போன்? எல்லாம் அப்பா அம்மாவின் போன்தான்.

அளந்த வயல் ஊரில் இருக்கும் ஓர் அண்ணன் தம்பியில் மூத்தவருடையது. அவரையும் அவர் தம்பியையும் எனக்கு நன்றாகத் தெரியும். இருவர் மகள்களும் என் வகுப்பு, ஒரே பெஞ்ச். சத்துணவில் முட்டை போட்டால் ஒருத்தி மஞ்சள்கருவையும் இன்னொருத்தி வெள்ளையையும் தின்பார்கள். அந்தப் பிள்ளைகளின் தாத்தா தன் ஆறு மா நிலத்தைத் தான் இருக்கும்போதே இரண்டாகப் பிரித்து நடுவில் வரப்புப் போட்டுக் கொடுத்திருந்தார். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான். ஆளுக்கு ஓர் ஏக்கர் என்றுதான் ஊரே சொல்லும். அண்ணன் சம்பாவுக்காக வயலைச் சும்மா போட்டிருந்தார். தம்பி குறுவை நட்டிருந்தார். நட்ட வயலின் வரப்பில் முப்பது பிள்ளைகளை நடக்க விட்டால் பாதிப் பேர் பயிருக்குள் விழுவார்கள் என்று நான் தம்பியின் வயலை அளக்க விடவில்லை. ஒரு வயல் போதும் என்றேன்.

நீளம் இருநூற்று நாற்பது, அகலம் நூற்று எண்பது. வகுப்புக்குத் திரும்பிப் பெருக்கினார்கள். நாற்பத்து மூவாயிரத்து இருநூறு. முதலில் முடித்தது மூத்தவர் மகள். அவள் அதோடு விடவில்லை. ஏக்கருக்கான எண்ணிலிருந்து இதைக் கழித்தாள், மீதி முந்நூற்று அறுபது. அதை நூற்று நாற்பத்து நான்கால் வகுத்தாள். "டீச்சர், எங்க வயல்ல ரெண்டரைக் குழி குறையுது" என்றாள். நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றைத் தானாக யோசித்த பிள்ளை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். சார்ட்டில் அதைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டு, பக்கத்தில் நட்சத்திரம் ஒட்டி, வகுப்பையே கைதட்ட வைத்தேன். சித்தப்பா மகளும் சேர்ந்துதான் தட்டினாள்.

அன்று வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். நட்சத்திரம் வாங்கிய பிள்ளை சொல்லாமல் இருக்குமா? அவர் போனை எடுத்து என் வீடியோவை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறார். நடு வரப்பை வருடா வருடம் வெட்டிச் சீர் செய்வது தம்பிதான், அப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டான் என்று நினைத்திருக்கிறார். மறு வாரம் அண்ணன் மண்வெட்டியோடு போய் வரப்பைத் தம்பி பக்கம் தள்ளி வெட்டினார். நட்ட பயிர் இரண்டு வரிசை போனது. தம்பி ஓடி வந்தார். அண்ணன் போனில் என் வீடியோவைப் போட்டுக் காட்டி, டீச்சரே கணக்கு சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னதாக ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் திருடன் என்றார். மற்றவர், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வராதவன் என்றார். அதோடு பொது போர்செட்டில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதும் நின்றது. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் தம்பி தன் மகளுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போய் டவுனில் தனியார் பள்ளியில் சேர்த்தார். கையெழுத்துப் போடும் இடத்தில் போட்டேன். நிலத்தகராறு எங்கேயும் இருப்பதுதானே என்று நானும் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

அரையாண்டு விடுமுறைக்கு முன்னால், ஆன்லைன் பயிற்சியில் இந்தப் பாடத்தை மாதிரி வகுப்பாகக் காட்டச் சொன்னார்கள். ஸ்லைடு தயார் செய்யும்போது சார்ட்டை மறுபடி பார்த்தேன். சும்மா சரிபார்க்கத்தான் முந்நூறு குழியை நூற்று நாற்பத்து நான்கால் பெருக்கினேன். நாற்பத்து மூவாயிரத்து இருநூறு வந்தது. மறுபடி பெருக்கினேன், அதேதான் வந்தது. மூன்று மா என்பது அவ்வளவுதான். ஏக்கர் அதைவிட இரண்டரைக் குழி பெரியது. எங்கள் பக்கத்தில் இரண்டையும் ஒன்று என்று சொல்லிச் சொல்லி யாரும் கணக்கே பார்த்ததில்லை, கணக்கு டீச்சர் உட்பட. அந்தத் தாத்தா பன்னிரண்டு அடிக் கோலால் நீளம் இருபது, அகலம் பதினைந்து என்று அளந்து, ஓர் அங்குலம் பிசகாமல் பிரித்திருக்கிறார். வயலில் எதுவும் குறையவில்லை. தம்பி எதையும் எடுக்கவில்லை. அன்று அவர் வயலையும் அளந்திருந்தால் அதிலும் இதே இரண்டரைக் குழி குறைந்திருக்கும், வகுப்பிலேயே சிரித்து முடிந்திருக்கும்.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உடம்பில் ஊசி போட்டு மரத்த இடத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் பள்ளி விட்டதும் முதலில் தம்பி வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அவர் மனைவி நான் சொன்னதையெல்லாம் வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டு, நல்லதுங்க என்று உள்ளே போய்விட்டார். அண்ணன் உட்காரச் சொன்னார். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் விவசாயி, குழிக் கணக்கு அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. காகிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப குழியில எங்கங்க இருக்கு டீச்சர்? அன்னிக்குப் பேசுன பேச்சுல்ல நிக்கிது. காபி சாப்பிட்டுப் போங்க."

காபியை அவர் மகள்தான் கொண்டுவந்தாள். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் வண்டியை எடுக்கும்போது பின்னாலேயே வந்தாள்.

"நான் போட்ட கணக்கு தப்பா டீச்சர்?"

"ஒன் கணக்கு சரிதாம்மா. நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு."

அவள் வண்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப நான் அப்பாகிட்ட சொல்லாம இருந்திருக்கலாம்ல" என்றாள். நான் வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

ஆன்லைன் பயிற்சி நடந்தது. திரையில் பாதிப் பேர் கேமராவை அணைத்துவைத்திருந்தார்கள். யாரோ மைக்கை மூட மறந்து கறி தாளித்துக்கொண்டிருந்தார். கடைசி ஸ்லைடில் நான் செய்த தவறைச் சொன்னேன், மூன்று மா ஏக்கர் ஆகாது என்று கணக்குப் போட்டும் காட்டினேன். அண்ணன் தம்பியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், ஆனால் ஸ்லைடை மூடிவிட்டேன். சாட்டில் வரிசையாக 'சூப்பர் மேம்' என்று வந்தது. நடத்தியவர் நன்றி சொல்லிவிட்டு, இனி உள்ளூர் அளவுகளைத் தவிர்த்துவிடலாம் என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டார். அதையும் குறித்துக்கொண்டேன். வகுப்புக் குழுவில் திருத்தி ஒரு வீடியோ போட்டேன். அதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. பழைய வீடியோவை அழித்தேன். ஆனால் வயலில் எடுத்தது எத்தனையோ குழுக்களுக்குப் போய்விட்டது.

இந்த வருடம் மூத்தவர் மகள் எட்டாம் வகுப்பு. பெஞ்சில் பக்கத்து இடத்தில் வேறு ஒருத்தி உட்கார்கிறாள். காலையில் தனியார் பள்ளி வேன் எங்கள் கேட்டைத் தாண்டிப் போகும்போது அவள் தலையைத் திருப்புவதில்லை. மாதம் ஒருமுறை ஆப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 'வகுப்பில் பங்கேற்பு' என்று ஓர் இடம் நிரப்ப வேண்டும். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், வாடிய முகம் என மூன்று இருக்கும். அவளுக்குச் சும்மா இருக்கும் முகத்தைத் தொட்டுவிடுகிறேன்.

போன வாரம் வட்டத்தின் பரப்பளவு நடத்தினேன். கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதிப்போட்டுவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தேன். அவள் எழுதி முடித்துவிட்டிருந்தாள். நான் பக்கத்தில் வந்ததும் உள்ளங்கையை நோட்டின்மேல் வைத்து மூடினாள்.

"விடை வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வரல டீச்சர்" என்றாள்.

விரல்களுக்கு நடுவே விடை தெரிந்தது. சரியான விடை. நான் அடுத்த பெஞ்சுக்குப் போனேன்.