ரம்மி கம்பெனிக்குப் பதில் சொன்னவள்

ஆண்டிமடத்துக்குத் தெற்கே முந்திரித் தோப்பை ஒட்டிய தெருவில், வெற்றிச்செல்விக்கு என்ன வேலை என்று நான்கு வருஷமாக யாருக்கும் சரியாகத் தெரியாது. காலை ஒன்பது மணிக்கு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தொண்டை கட்டிப்போய் வெளியே வருவாள். கேட்டால் "கம்ப்யூட்டர் வேலதாங்க்கா" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

ஆன்லைன் ரம்மி கம்பெனி ஒன்றின் வாடிக்கையாளர் சேவை அது. சென்னையில் இருந்த மேற்பார்வையாளர் கீதாஞ்சலி அனுப்பிய தாளில் எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று அச்சடித்திருந்தது. பாதிப்பேர் கேட்பது ஒரே கேள்விதான். "மேடம், இது சூதாட்டம் இல்லியே? போலீஸ் பிரச்சன வராதுல்ல?"

"ரம்மி திறமை விளையாட்டுங்க சார். கோர்ட்டே சொல்லியிருக்கு."

அது பொய்யுமில்லை. தமிழ்நாட்டில் அதிர்ஷ்டத்தை நம்பி ஆடும் ஆட்டங்களுக்குத் தடை இருந்தபோதும், ரம்மி அந்தக் கணக்கில் வராது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆனாலும் மாதக் கடைசியில், சம்பளத்தைத் தோற்றுவிட்டுக் குரல் உடைந்து பேசுகிறவனிடமும் அதே வரியைத்தான் அவள் படிக்க வேண்டியிருந்தது. "நீங்க ஆடுறத நிறுத்திடுங்க சார்" என்று சொல்ல அந்தத் தாளில் இடமில்லை. மதியச் சோறு பல நாள் தட்டிலேயே ஆறிக் கிடக்கும். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் அவள் கணவன் அருள்முருகனுக்கு மட்டும் அது தெரியும். ரசத்தைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து வைப்பான்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும், நாடு முழுக்கத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. இரண்டே நாளில் கம்பெனி ஆட்டத்தை நிறுத்தியது. ஆடினவர்களின் கணக்கில் மிச்சமிருந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்வரை ஒரு மாதம் வேலை உண்டு, பிறகு இல்லை என்றார்கள்.

அந்த ஒரு மாதம் மாதிரி அவள் எப்போதும் ஆசையாக வேலை பார்த்ததில்லை. அழைக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் பணம் போய்ச் சேர்ந்தது. தா.பழூரிலிருந்து வீரம்மாள் என்றொரு பெண், புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அழைத்தாள். அவன் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம் இருந்தது.

"பணம் வரலன்னாலும் பரவால்லம்மா. இந்தக் கடய மறுபடி தொறக்க மாட்டாங்கல்ல?"

தாளில் அதற்குப் பதில் இல்லை.

"எங்க கம்பெனிய மூடியாச்சுக்கா. வேற பேர்ல எவனாச்சும் மெசேஜ் அனுப்புவான். அதத் தொடாம பாத்துக்குங்க. பணம் மூணு நாள்ல வந்துரும்."

"ஒம் பேரு என்னம்மா?"

சொந்தப் பேரைச் சொல்லக்கூடாது என்பது விதி. "எம் பேரு வெற்றிச்செல்வி, அக்கா" என்றாள்.

வேலை போய் மூன்று வாரத்தில் கீதாஞ்சலி அழைத்தாள். வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் வேலை இருக்கிறது என்றாள். பழப் படங்கள் சுழன்று நின்று, ஒரே மாதிரி மூன்று விழுந்தால் பணம் தரும் ஸ்லாட் மெஷின் ஆட்டம். பழைய வாடிக்கையாளர் பட்டியலை வைத்துக்கொண்டு ஆள் பிடிக்க வேண்டும். சம்பளம் இரண்டு மடங்கு.

"சர்வர் வெளிநாட்டுல இருக்குக்கா. நம்மள யாரு கேக்கப் போறா?"

அன்றைக்கு லாரிக்கும் ஓட்டமில்லை. அருள்முருகன் வாசலில் குந்தியிருந்தான். விஷயத்தைச் சொன்னதும், "ஒனக்குச் சரின்னு பட்டா செய். தெரியலன்னா தெரிஞ்சவங்களக் கேளு" என்றான்.

மறுநாள் அரியலூர் பஸ் பிடித்தாள். கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவிக்கு இருந்த வக்கீல் பாக்யலட்சுமி, அவளைவிட ஐந்தாறு வயது சின்னவள். மேசைமேல் பாதி கடித்த பஜ்ஜி இருந்தது. அதைக் காகிதத்தால் மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

"ரம்மிக்காவது முன்னாடி திறமைன்னு ஒரு வாதம் இருந்துச்சுக்கா. இந்த மெஷின்ல என்ன திறமை இருக்கு, பட்டன அமுக்கறதா?"

வெற்றிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கோவாவுல அரசாங்க லைசென்ஸோட மெஷின் இருக்குன்னு சொல்றாங்களே?"

"அது அந்த ஊரு சட்டம், அந்தக் கட்டடத்துக்குள்ள. போன்ல இங்க ஆடவைக்க அது செல்லாது. புதுச் சட்டத்துல ஆடுறவங்களுக்குத் தண்டன கெடையாது. நடத்துறவங்க, அவங்களுக்கு ஒத்தாசையா இருக்கறவங்க, ஆள் சேக்கறவங்க, இவங்களுக்குத்தான். நடத்துனா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். சர்வர் எங்க இருந்தா என்னக்கா, நீங்க ஆண்டிமடத்துலதான இருக்கீங்க?"

பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டு கீதாஞ்சலியை அழைத்து, முடியாது என்றாள். கீதாஞ்சலி கோபப்படவில்லை. "எனக்கும் பயமாத்தான் இருக்குக்கா. வூட்டு வாடகக்கி வேற வழி தெரியல" என்றாள். வக்கீல் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவளுக்கும் சொன்னாள் வெற்றிச்செல்வி. பேசி முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. வழியில் வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, நன்றாகச் சாப்பிட்டாள்.

கீதாஞ்சலி பொங்கலுக்கு முன்பு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளராகச் சேர்ந்தாள். வெற்றிச்செல்விக்கு ஆண்டிமடம் கடைவீதியிலேயே வேலை கிடைத்தது. முந்திரி வியாபாரி ராசாங்கத்தின் கடையில், போனில் ஆர்டர் எடுக்கும் வேலை. பழைய சம்பளத்தில் முக்கால்தான். நடந்தே போய் நடந்தே வருகிறாள். தெருவில் கேட்டவர்களிடம் முந்திரிக் கடை வேலை என்றாள். அதற்கு முன்னால் ரம்மி கம்பெனி என்பதையும் சேர்த்தே சொன்னாள். எதிர்வீட்டு மருதாயி, "அடிப் பாவி, எங்க அண்ணன் பையன் ஒங்கிட்டத்தான் பேசுனானோ என்னமோ" என்று சிரித்துவிட்டு, கால் கிலோ உடைசல் பருப்பு சகாய விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டாள்.

போன வாரம் பெரம்பலூர் ஸ்வீட் கடைக்காரர் ஒருவர் போனில் பத்துக் கிலோ முழுப்பருப்பு கேட்டார். வெற்றிச்செல்வி எட்டி மூட்டையைப் பார்த்தாள்.

"இந்த லோடு கொஞ்சம் கறுத்திருக்குங்க சார். அவசரம் இல்லன்னா நாளன்னிக்கு வர்றத வாங்கிக்குங்க."

கல்லாவில் இருந்த ராசாங்கம் நிமிர்ந்து முறைத்தார். "ஏம்மா, கடைய நடத்தணுமா வேணாமா?"

"இருங்கண்ணே, அவரு என்னமோ சொல்றாரு."

ஸ்வீட் கடைக்காரர் பதினைந்து கிலோவாகவே அனுப்பச் சொன்னார், நாளை மறுநாள் வந்தால் போதும் என்று. அவள் சீட்டில் எழுதி ராசாங்கத்திடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி ஆணியில் குத்திவிட்டு, பையனை அனுப்பாமல் தானே எழுந்துபோய் இரண்டு டீ வாங்கிவந்தார்.