சுகர் இல்லைன்னு சொன்ன அந்த ஒரு வார்த்தை

காலை எடுக்க வேண்டி வரலாம்னு டாக்டர் சொன்னது 2006-ம் வருஷம், பொங்கல் முடிஞ்ச வாரம். வலது கால். அந்தக் காலை வச்சுத்தான் இருபது வருஷமா எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. பக்கத்துல என் மனைவி ரெஜினா ஜெபமாலையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்தா.

என் பேரு லூர்துசாமி. குருசுக்குப்பத்துல இருக்கேன். புதுச்சேரி–விழுப்புரம் ரூட்ல பிரைவேட் பஸ் டிரைவரா இருந்தவன். ஆண்டவர் எனக்குச் செஞ்சதைச் சொல்லணும்னா, நான் செஞ்சதை முதல்ல சொல்லியாகணும். அது சொல்றதுக்கு லேசா இல்ல.

அதுக்கு முந்தின ஐப்பசி மழையில பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் வழுக்கி, வலது முட்டி திருகிக்கிச்சு. எக்ஸ்ரேயில எலும்பு முறிவு இல்ல. ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு சொல்லி ஆறு வாரம் கட்டுப் போட்டாங்க. கட்டைப் பிரிச்சா முட்டி மடங்கல. முட்டி மடங்காம பிரேக்கை எப்படி மிதிக்கறது? பிசியோதெரபிக்குப் போங்கன்னு எழுதிக் குடுத்தாங்க.

பிசியோதெரபின்னா காலை அமுக்கி விடுவாங்க, நாம படுத்துக்கிட்டா போதும்னு நினைச்சேன். உழவர்கரை பக்கம் ஒரு கிளினிக். அங்க இருந்தது கவிதான்னு ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும். முதல் நாள் காலைத் தொடவே இல்ல. ஒரு தாளை வச்சுக்கிட்டு கேள்வியா கேட்டுச்சு. இதுக்கு முன்னாடி ஆபரேஷன் நடந்திருக்கா, பிரஷர் இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடறீங்க.

"சுகர் இருக்காண்ணே?"

"இல்லம்மா."

பொய். மூணு வருஷம் முன்னாடியே விழுப்புரத்துல ஒரு லேப்ல பார்த்து சுகர்னு சொல்லிட்டாங்க. தெரிஞ்சா முதலாளி சீட்டை விட்டு இறக்கிடுவாருன்னு பயம். ரெஜினாவுக்கே சொல்லல. மாத்திரையை பஸ் டூல் பெட்டியிலதான் வச்சிருந்தேன். கால்ல கட்டோட வீட்டுல கிடந்தப்ப மாத்திரை பஸ்ஸுலயே கிடந்துச்சு. ரெண்டு மாசமா ஒண்ணுகூட போடல.

அந்தப் பொண்ணு தாளை மட்டும் நம்பல. சின்னக் கண்ணாடிக் குழாய் ரெண்டு எடுத்துச்சு. ஒண்ணுல சுடுதண்ணி, ஒண்ணுல பச்சைத் தண்ணி. "கண்ணை மூடிக்குங்க. எது சூடு, எது குளிர்ச்சின்னு சொல்லுங்க"ன்னு கால்ல மாத்தி மாத்தி வச்சுது. சுகரால கால் மரத்துப்போயிருந்துச்சு, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. அரைக்கண்ணைத் திறந்து பார்த்தேன். சுடுதண்ணி குழாய்ல ஆவி படிஞ்சிருந்துச்சு. அதைப் பார்த்துப் பார்த்தே எல்லாத்தையும் சரியா சொல்லிட்டேன். கெட்டிக்காரன்னு நினைப்பு.

அதுக்கப்புறம் சுடுதண்ணியில ஊறின சூட்டுப் பொட்டலத்தை ரெண்டு மூணு துண்டுல சுத்தி முட்டிக்குக் கீழ வரைக்கும் வச்சாங்க. "சூடு அதிகமா இருந்தா உடனே சொல்லணும், தாங்கிக்கிட்டு இருக்கக் கூடாது"ன்னு தினமும் சொல்லும். நாலாவது நாள், இன்னும் சூடு பட்டா முட்டி சீக்கிரம் இளகும்னு, அது அடுத்த ஆளைப் பார்க்கப் போனதும் உள்ள இருந்த ஒரு துண்டை உருவிட்டேன். சுட்டது எனக்குத் தெரியல. சாயங்காலம் ரெஜினா கால் கழுவி விடும்போது கெண்டைக்கால் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம்.

என் மச்சான், ரெஜினாவோட அண்ணன், பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவரு. "என்னா மாப்ளே, ஒரு சின்னப் பொண்ணு காலைப் பொசுக்கி அனுப்பியிருக்கு, பார்த்துக்கினு இருக்கீங்க?"ன்னு நேரா கிளினிக்குப் போயி கத்திட்டு வந்துட்டாரு. கிளினிக் ஓனர் அந்தப் பொண்ணை மாசக் கடைசியோட நின்னுக்கச் சொல்லிட்டாராம். நான் ஒண்ணும் பேசல.

புண் ஆறல. கறுத்துப்போய், சீழ் வச்சுது. பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு டாக்டர், "சுகர் இவ்வளவு இருக்கே, தெரியாதா?"ன்னு கேட்டாரு. ரெஜினா முந்திக்கிட்டா. "அவருக்கு அதெல்லாம் கிடையாது டாக்டர், இப்பதான் தெரியுது." அப்பவும் நான் வாயைத் திறக்கல. அன்னைக்குத்தான் காலை எடுக்கற பேச்சு வந்துச்சு.

மறுநாள் காலை பூசைக்கு என் மகன் என்னைக் கோயிலுக்குத் தாங்கிக்கிட்டுப் போய் உட்கார வச்சான். "ஆண்டவரே, என் காலைக் குடும். மறுபடியும் சீட்டுல உட்கார வையும்"னு அழுதேன். எத்தனை தடவை சொல்லியும் ஜெபம் உள்ளேயே நின்னுபோச்சு. கண்ணை மூடினா அந்தப் பொண்ணு குழாயோட நிக்குது. கண்ணை மூடிக்குங்கன்னு சொல்லுது. ஆண்டவர் என்கிட்ட குரல் குடுத்துப் பேசினாருன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்த முகத்தை என் முன்னாடி நிக்க வச்சது அவருதான். பூசை முடியறதுக்குள்ள என் ஜெபம் மாறிப்போச்சு. "கால் போனாலும் போகட்டும், உண்மையைச் சொல்ல தைரியம் குடும்"னு கேட்டேன். அந்த ஜெபத்துக்கு உடனே பதில் வந்துச்சு.

கோயில் வாசல்லயே ரெஜினாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ என் கையை உதறிட்டு முன்னால நடந்தா. ஆனா மச்சானுக்கு ஆள் அனுப்பினது அவதான். அவரு ஸ்கூட்டர்லயே கிளினிக்குப் போனோம். ஓனர் டாக்டர் முன்னாடி, அந்தப் பொண்ணு முன்னாடி, மாத்திரையை ஒளிச்சது, துண்டை உருவினது எல்லாத்தையும் சொன்னேன். மச்சான் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. கவிதா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.

"அன்னைக்குக் கண்ணைத் திறந்து பார்த்தீங்களாண்ணே?"

"ஆமாம்மா. பார்த்துட்டேன். மன்னிச்சுக்கம்மா."

அது கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ள போய் அந்தத் தாளை எடுத்துட்டு வந்துச்சு. சுகர்னு இருந்த இடத்துல இல்லைன்னு எழுதியிருந்ததை அடிச்சுட்டு, புதுசா எழுதிச்சு. கவிதாவோட வேலை போகல. அதுதான் ஆண்டவர் எனக்குச் செஞ்ச முதல் அற்புதம்.

புண் ஆற மூணு மாசம் ஆச்சு. சுகருக்கு ஊசி போட்டு, தினமும் கட்டு மாத்தி, விரல்கூட போகாம கால் தப்பிச்சுது. டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. அதுக்கப்புறம் மறுபடியும் கவிதாகிட்டதான் போனேன். இந்த முறை சூடு வைக்கல. வெறும் பயிற்சிதான். வலி ரெண்டு வகைன்னு அது சொல்லித்தான் தெரியும். தசை இழுக்கற வலியைப் பொறுத்துக்கணும், குத்தற வலி வந்தா நிறுத்திட்டுச் சொல்லணும். பயிற்சிக்கு முன்னாடி வலி மாத்திரை போட்டுக்கிட்டு வந்தா அதையும் சொல்லணும். கிளினிக்ல அரை மணி நேரம்தான், மீதி வீட்டுல நாமளே செய்யறதுதான்னு சொல்லும். ஒரு வாரத்துல ஓடலாம்னு யாரும் வாக்குக் குடுக்கல. ஈஸ்டருக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் முட்டி மடங்குச்சு. எங்க கோயில் கொடியேத்தத் திருவிழாவுக்கு நடந்தே போனேன்.

சீட்டு எனக்குத் திரும்பக் கிடைக்கல. மதமதன்னு இருக்கற காலை வச்சுக்கிட்டு ஜனங்களை ஏத்திப் போகக் கூடாதுன்னு நானே முதலாளிகிட்ட சொல்லிட்டேன். இப்ப பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர். மூணு வருஷமா உணர்ச்சி குறைஞ்ச காலோட பிரேக்கை மிதிச்சிருக்கேன். பஸ்ஸுல அறுபது பேர். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாம காத்தாரே, அதுக்கு இப்பவும் தினமும் நன்றி சொல்றேன். நான் பண்ணாத ஜெபத்துக்கும் அவர் பதில் குடுத்திருக்காரு.

போன மாசம் நம்ம சபையில ஒருத்தர் தோள்பட்டை வலிக்கு பிசியோதெரபி போகப் போறேன், எனக்காக ஜெபம் பண்ணுங்கன்னு வந்தாரு. பண்ணேன். பண்ணிட்டு, "சாப்பிடற மாத்திரையெல்லாம் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. பழைய எக்ஸ்ரேயும் இருக்கட்டும். புரியலைன்னா கேளுங்க. வெட்கப்படாதீங்க"ன்னேன். ஜெபத்துக்கு வந்தா இதெல்லாம் சொல்றீங்களேன்னு சிரிச்சாரு.

எனக்கு இதுவும் ஜெபம்தான். ஆண்டவர்கிட்ட எதையும் மறைக்க முடியாது, அவருக்கு எல்லாம் தெரியும். ஆனா அவர் நமக்காக அனுப்பி வைக்கற மனுஷருக்குத் தெரியாது. நாமதான் சொல்லணும். பயமா இருந்தா, அந்த பயத்தோடயே அவரைக் கூப்பிடுங்க. நான் கூப்பிட்டேன். வாயைத் திறந்து விட்டாரு.