சாலை மீன்

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குச் சாலை மீன் என்றுதான் பெயர். பாசாரில் மலாய்க்காரர்கள் இக்கான் சாலாய் என்பார்கள். இக்கான் என்றால் மீன். மிச்சம் இருப்பது சாலை. சாலையோரத்தில் மேசை போட்டு விற்பதால் வந்த பெயர் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்டதில்லை. எதையும் கேட்க எனக்குக் கூச்சம்.

ஸ்ரீ கெம்பாங்கானில் பிளாஸ்டிக் மூடி செய்யும் சிறிய தொழிற்சாலையில் எனக்குப் பேக்கிங் வேலை. போன வருடம் நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வேலை பெர்மிட்டில் ஒருவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். கேன்டீன் சோறு அவருக்கு இறங்கவில்லை. அதனால் ஒருநாள் தேங்காய்ப்பாலில் சமைத்த சாலை மீனைக் கூடுதலாகக் கொண்டுபோனேன்.

டப்பாவைத் திறந்ததும் அவர் கேட்டது இதைத்தான்.

“அக்கா, கெளுத்தி இல்லல்லா? சின்னதுல ஒருக்கா தின்னுட்டு தொண்ட அடச்சுப் போச்சு. பொழச்சதே பெருசு.”

“ஐயோ, இல்ல தம்பி. இது சாலை மீன் லா.”

“சாளையா! எங்க வீட்டுல தெனமும் அதுதான். இதென்ன இப்பிடிக் கறுத்துக் கெடக்கு?”

“இங்க அப்படித்தான் இருக்கும்.”

“உங்க ஊரு வெயிலு மீனையும் விடல போல!”

அவர்கள் ஊரில் சாளை என்றொரு சின்ன மீன் உண்டு, டின்னில் வரும் சார்டினைப் போல. அது அப்போது எனக்குத் தெரியாது. என் பேச்சில் லையும் ளையும் ஒன்றுதான்.

நாலு வாய் சாப்பிட்டிருப்பார். கழுத்தைச் சொறிந்தார். உதடு தடித்தது. பிறகு மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். தொழிற்சாலை லோரி டிரைவர் அவரைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தார். நான் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டேன். அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். போனில் அவர் காட்டிய பிள்ளைகளின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

கிளினிக்கில் உடனே ஊசி போட்டார்கள். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. டாக்டரம்மா மலாய்க்காரர். என்ன மீன் என்று என்னைக் கேட்டார்.

“இக்கான் சாலாய்.”

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். சாலாய் மீனின் பெயரில்லை, அக்கா, என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். நெருப்புக்கு மேலே வைத்துப் புகையில் வாட்டுவதுதான் சாலாய். இறைச்சியிலும் சாலாய் உண்டு, வாழைப்பழத்திலும் உண்டு. “அப்படி வாட்டியதில் நீங்கள் வாங்கியது எந்த மீன்?”

செமினி போகும் வழியில் இறைச்சி சாலாய் என்று எழுதிய பலகையை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். மாட்டிறைச்சிக் கடை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். காலையில் மீனைக் கழுவும்போது தட்டையான தலையிலிருந்து கருகிய நூல் போல இரண்டு உதிர்ந்தன. நார் என்று எறிந்துவிட்டேன். அது மீசை.

“கெலி,” என்றேன். கெளுத்திக்கு இங்கே அதுதான் பெயர்.

தம்பியைப் படுக்க வைத்திருந்த அறைக்குள் போனபோது அவர் மனைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஒண்ணுமில்ல, இங்க உள்ள சாளை ஒத்துக்கிடல. இனி சாளைய தொட மாட்டேன்.”

பேசாமல் இருந்திருக்கலாம். தப்பு சாளையின் தலையில் விழுந்துவிட்டது. ஆனால் வேறொரு நாள், வேறொரு கடையில் இதே கறுப்பு மீனை அவர் மறுபடியும் சாப்பிடுவார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி, அது சாளை இல்ல. கெளுத்தி. புகையில போட்டது. எனக்குத் தெரியாம சொல்லிட்டேன்.”

போனைக் காதிலிருந்து எடுத்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“அந்தப் பேர ஒரு பேப்பர்ல எழுதித் தாங்க. கடைல காட்டணும்.”

மலாயில் நாலே எழுத்து. கோணலாக எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். உதடு இன்னும் வீங்கியிருந்ததால் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது.

“இதாவது மீனு பேருதானாக்கா? இல்ல, பொரிக்கிற வகையா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் டாக்டரம்மாவின் கதவைத் தட்டினேன்.